ஏழாம் நம்பருக்கு ஒரு ஸ்டூல்

எங்கள் கம்பெனியில் உட்காருவது பெரிய குற்றம். வேலைக்கு மட்டம் போட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். லைனில் உட்கார்ந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனி அது. வயர் பதிக்கும் பலகைகள் வரிசையாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் எதிரே நின்று வயரைப் பதித்து, டேப் சுற்றி, அடுத்தவளுக்கு அனுப்புவோம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் விரலை நீட்டி, "கனெக்டர் சரி! டேப் சரி!" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பழக்கம். முதல் வாரம் சிரிப்பு வரும். கொஞ்ச நாள் போனால், சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த ரூமில் ஒருத்தி சமையலை முடித்துவிட்டு அடுப்பைப் பார்த்து விரலை நீட்டி "கேஸ் சரி!" என்று கத்துவாள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

ஏன் உட்காரக் கூடாது என்று ஹெச்.ஆர். சாரைக் கேட்டால் நேரத்துக்கு ஒரு காரணம் சொல்வார். ஸ்டூல் இருந்தால் கால் இடறும். ஸ்டூல் இருந்தால் தூக்கம் வரும். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால் நம் மனோபாவத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? இவ்வளவையும் அவர் தம் ஏ.சி. கேபினில், சக்கரம் வைத்த நாற்காலியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே சொல்வார். கேட்கப் போன நாங்கள் நின்றுகொண்டிருப்போம்.

எனக்கு இதில் கூடுதலாக ஓர் எரிச்சல் உண்டு. நான் சிவகாசிப் பக்கத்துக்காரி. அம்மா பட்டாசுக் கம்பெனியில் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்தே குழாய் சுற்றி இடுப்பு போனவள். அங்கே எழுந்திருக்க விடுவதில்லை, இங்கே உட்கார விடுவதில்லை. கொஞ்ச நேரம் அது, கொஞ்ச நேரம் இது என்று வைத்தால் எந்த முதலாளிக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் லைன் லீடர். என் லைனில் ஏழாம் நம்பர் இடத்தில் நின்றவர் உள்ளூர்க்காரர், என்னைவிட மூத்தவர். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை லீடரம்மா என்பார், மரியாதைக்கு அல்ல, நக்கலுக்கு. கம்பெனிக்காக எடுத்த நிலத்தில் அவருடைய மாமனாரின் வேர்க்கடலைக் கொல்லையும் போயிருந்தது.

"நாம நிக்கிற எடத்துல தான் எங்க மாமியா களை எடுத்துக்கினு இருந்துச்சு," என்றார் ஒருநாள், டேப் சுற்றிக்கொண்டே. "அதுவும் நல்லா குந்திக்கினு. இன்னா முன்னேத்தம் பாரு லீடரம்மா, இப்போ நிக்கிறோம்."

கேன்டீன் வாசலில் யோசனைப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தார்கள். லைனுக்கு ஸ்டூல் வேண்டும் என்று அக்கா மாதாமாதம் எழுதிப் போடுவார். யோசனை சொன்னவர்களுக்கு ஊக்கப் பரிசு பிளாஸ்டிக் டிபன் டப்பா. ஸ்டூல் வரவே இல்லை, டப்பா மட்டும் தவறாமல் வந்தது. "எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா அதும் மேலயே குந்திக்கலாம் போல கீது," என்பார்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒருநாள் அக்கா என் காதில் சொன்னார்: "தள்ளிப் போயிருக்குதுடி." கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்த பிள்ளை. இதற்கு முன் ஒன்று கலைந்திருந்தது. ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மா சொல்லிவிட்டார். வேலையை விடு என்று வீட்டில் ஒரே பாட்டு. அக்காவுக்கு விட மனசில்லை. "வூட்ல நான் மருமவ. இங்க தான் நான் ஏழாம் நம்பரு," என்றார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. வேலையும் வேண்டும், பிள்ளையும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு ஸ்டூல்தான்.

இந்த இடத்தில் எங்கள் எம்.டி. வருகிறார். ஜப்பான்காரர், அறுபதை நெருங்கியவர், நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அந்த நல்ல குணத்தால் வந்த வினை.

அவருடைய ஊரில் ஓர் எரிமலை இருக்கிறது. கேபினில் அதன் படம் தொங்கும். காலையில் வந்ததும் அதைக் குனிந்து வணங்குவார். ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலுக்குச் சேவிக்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு குனிய மாட்டார்கள். அங்கே கோடை தொடங்கும்போது லீவு போட்டுவிட்டுப் போய், மிச்சமிருக்கும் பனியில் அந்த மலையின் செங்குத்தான பக்கமாக ஏறி, காலில் ஸ்கீயைக் கட்டிக்கொண்டு சறுக்கி இறங்கிவிட்டு வருவார். அதே ஊரில் இருக்கும் எங்கள் தாய்க் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போன நம் ஆட்கள் அங்கே இருந்தால் அவர்களையும் கூட்டிப் போவார். கீழே விழாமல் இறங்கியவர் அவரிடம் ஒன்று கேட்கலாம். அதை அவர் மறுத்ததே இல்லை என்று பேச்சு. எனக்கு முன் போய் வந்த மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருவர், வெள்ளிக்கிழமை கேன்டீனில் வத்தக்குழம்பு வேண்டும் என்று கேட்டார். நான் இருந்தவரை வெள்ளிக்கிழமை வத்தக்குழம்புதான்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்திலும் மலைதான். "மலை பொய் சொல்லாது," என்பார் எம்.டி. ஹெச்.ஆர். சார் மொழிபெயர்ப்பார்: "அதாவது, லீவு கேக்கும்போது பொய்க் காரணம் சொல்லாதீங்க." "ஏறுவதைவிட இறங்குவது முக்கியம்," என்பார் எம்.டி. "அதாவது, ஷிப்ட் முடிஞ்சா இடத்தைக் கூட்டிப் பெருக்கிட்டுப் போங்க." எரிமலையை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்திய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

புது லைன் தொடங்குவதற்காக ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பவேண்டி வந்தது. தலைமைப் பண்பு, தொலைநோக்கு எல்லாம் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்ததாக ஹெச்.ஆர். சார் அறிவித்தார். உண்மையில் பாஸ்போர்ட் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். மலேசிய வேலைக்குப் போவதாக இருந்து, அந்த ஏஜென்ட் ஓடிப்போனதில் எனக்கு மிஞ்சிய ஒரே பொருள் அது. மலைக்குத் தயாராக வேண்டும் என்று ஹெச்.ஆர். சார் என்னைக் குன்றத்தூர் முருகன் கோயில் படியில் சேஃப்டி ஷூவோடு ஏறி இறங்க வைத்தார். படியின் கீழே ஷூவைக் கழற்றச் சொன்ன கோயில்காரரிடம், "இது கம்பெனி பாலிசி" என்று அவர் வாதாடியதை முருகன் மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன்.

கிளம்பும்போது அக்கா என் பையில் ஒரு டிபன் டப்பா நிறைய ஊறுகாய் வைத்தார். "ஸ்டூலு கேளு. வேற இன்னாத்தையும் கேட்டு வெக்காத," என்றார். "வுழாம வா."

பிப்ரவரிக் கடைசியில் போய் இறங்கினேன். இங்கே மின்வெட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்த காலம். அங்கே கரண்ட் போகவே இல்லை. முதல் வாரம் எனக்கு அதுதான் அதிசயம், ஜன்னல் உயரத்துக்குக் கிடந்த பனியெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்க் கம்பெனி ஆட்கள் ஊர் ஓரத்துச் சரிவுக்குக் கூட்டிப் போய் ஸ்கீ பழக்கினார்கள். நீளமான இரண்டு பட்டைகளில் பூட்ஸைப் பூட்டிவிட்டு, முன்முனைகளைச் சேர்த்து வை, குதிகாலை வெளியே தள்ளு, வேகம் குறையும் என்றார்கள். பால்வாடி வயசுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு பறந்தன. மார்ச் முழுக்க விழுந்தேன். ஏப்ரலில் விழுவது குறைந்தது. மே மாதத்தில், சரிவுக்குக் குறுக்கே நின்று, ஸ்கீயின் ஓரங்களால் பனியைச் சுரண்டிக்கொண்டே பக்கவாட்டில் இறங்கக் கற்றுக்கொண்டேன். பார்க்க நண்டு மாதிரி இருக்கும். ஆனால் விழ மாட்டோம்.

மே கடைசியில், என் பயிற்சியை மதிப்பிட ஹெச்.ஆர். சார் வந்து சேர்ந்தார். ஸ்கீ பற்றி நிறைய வீடியோ பார்த்திருந்தார். அவருக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது: கம்பெனி காருக்கு டிரைவர். "பேலன்ஸ்ங்கிறது மைண்ட்லதாம்மா இருக்கு," என்று எனக்குப் பாடம் நடத்தினார்.

ஜூன் முதல் வாரத்தில் ஏறினோம். எம்.டி., ஹெச்.ஆர். சார், நான். அடிவாரத்து வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. மேலே மலை முகட்டிலிருந்து அகலமான ஓடை போலப் பனி இறங்கியிருந்தது. முதலில் ஸ்கீக்கு அடியில் ரோமத்துணியை ஒட்டிக்கொண்டு நடந்தோம். அது முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. சரிவு நிமிர்ந்ததும் ஸ்கீயைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு, பூட்ஸுக்கு இரும்புப் பல் மாட்டி, ஏணியில் ஏறுவதுபோல ஒவ்வொரு காலாகக் குத்திக் குத்தி ஏறினோம். எம்.டி. தெருமுனைக்குப் பால் வாங்கப் போகிறவர் மாதிரி போனார். ஹெச்.ஆர். சாருக்கு வழியெல்லாம் இயற்கை அழகு கண்ணில் பட்டது. "ஒரு போட்டோ எடுத்துக்கலாமே," என்று பத்தடிக்கு ஒருதரம் நின்று, போட்டோ எடுக்காமல் மூச்சு வாங்கினார்.

உச்சியில் மஞ்சள் பூத்த பாறைகளுக்கு நடுவே புகை வந்துகொண்டிருந்தது. கந்தக நெடி. ஹெச்.ஆர். சார் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அது அம்மாவின் சேலை வாசனை. இவ்வளவு தூரம் பறந்து வந்து, இவ்வளவு உயரம் ஏறி, கடைசியில் எரிமலையின் வாயில் நின்றுகொண்டு நான் அம்மாவின் இடுப்பை நினைத்து அழுதேன். பனிக் கண்ணாடிக்குள் யாருக்கும் தெரியவில்லை.

விதியை எம்.டி. விளக்கினார். கை பனியில் பட்டால் பரவாயில்லை, பின்பக்கம் பட்டால் விழுந்ததாகக் கணக்கு. ஹெச்.ஆர். சார் முதலில் போகிறேன் என்றார். தலைவன் முன்னால் இருந்து வழிநடத்த வேண்டுமாம். ஸ்கீயின் முனை விளிம்புக்கு வெளியே அந்தரத்தில் நீண்டது. அவர் கீழே பார்த்தார். அப்படியே மெதுவாக, மரியாதையாக, உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவரை எழுப்ப முடியவில்லை. எம்.டி. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கிணற்றில் வாளி இறக்குவதுபோல விட்டு விட்டு இறக்கினார். உட்கார்ந்தால் மனோபாவம் கெட்டுவிடும் என்று எனக்குப் பாடம் எடுத்த மனிதர், ஓர் எரிமலை முழுவதையும் உட்கார்ந்தே இறங்கினார்.

எம்.டி. என்னைத் தனியாக, கீழே தெரிந்த கறுப்புப் பாறை வரை போய் நிற்கச் சொன்னார். வெயில் ஏறி மேல்பனி ரவை மாதிரி இளகியிருந்தது. குறுக்கே நின்று சுரண்டி இறங்கினேன். பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தேன். விரலை நீட்டி, "இடது கால் சரி! வலது கால் சரி! பாறை சரி!" என்று தமிழில் கத்தினேன். மேலே கயிற்றைப் பிடித்திருந்த எம்.டி. சிரிப்பதும், "சரி!" என்று திருப்பிக் கத்துவதும் கேட்டது.

பாதிக்கு மேல் தொடை நடுங்கத் தொடங்கியது. முட்டி மடங்கு மடங்கு என்றது. உட்கார்ந்தால் போதும், எல்லாம் சுகமாகிவிடும். ஆனால் அந்த நடுக்கம் எனக்குப் புதிதல்ல. அது ஓ.டி. போட்ட நாளில், ஷிப்ட் முடிய இருக்கும்போது வரும் நடுக்கம். அதோடுதான் நான் வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஓரிடத்தில் முனை தட்டி, கை பனியைத் தொட்டது. ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். பாறைக்கு வந்து, அங்கிருந்து சமவெளிக்கும் வந்தேன். பின்பக்கம் எதன்மேலும் படவில்லை.

எம்.டி. என் முன்னால் வந்து, கேபினில் மலைப் படத்தை வணங்குவதுபோலக் குனிந்து வணங்கினார். என்ன வேண்டும் என்று கேட்டார். லைனுக்கு ஸ்டூல் என்றேன். நான் இறங்கி வந்த சரிவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எப்படி விழாமல் வந்தாய்?" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "லைன்ல நாள் முழுக்க நின்னு நின்னு செத்த காலு சார் இது, இன்னும் எங்க விழ?" என்றேன் ஹெச்.ஆர். சாரிடம். அவர் கால்சட்டைக்குள்ளிருந்து பனியை உதறியபடி அதை இங்கிலீஷில் சொன்னார்: "நம் லைனில் நின்று பெற்ற பயிற்சியே காரணம் என்கிறார்." எம்.டி.யின் கண் கலங்கியது. பதிலை ஒரகடத்தில் சொல்கிறேன் என்றார்.

திரும்பி வந்தபோது அக்காவுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. நான் இல்லாத நாளெல்லாம் நின்றே ஓட்டியிருந்தார். பாதம் வீங்கி, சேஃப்டி ஷூவின் லேஸை அவிழ்த்துவிட்டிருந்தார். "கேட்டியா?" என்றார். "கேட்டேன். அவர் மறுக்கிற ஆளில்ல அக்கா," என்றேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் திரையை விலக்கி ஒரு பெரிய படத்தைத் திறந்தார்கள். பனியில், முட்டியை மடக்கி, விரலை நீட்டிக்கொண்டு நான். கீழே, "நிற்பவரே வெல்பவர்". எம்.டி. உணர்ச்சியோடு நெடுநேரம் பேசினார். ஹெச்.ஆர். சார் மொழிபெயர்த்தார்.

"இவங்க ஸ்டூல் கேட்டாங்க. எம்.டி. தூங்காம யோசிச்சிருக்கார். உக்காந்து வேலை செய்யற நான் மலையில உக்காந்துட்டேன்." சிரித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். "நின்னு வேலை செய்யற இவங்க நின்னாங்க. ஸ்டூல் குடுத்தா இந்தக் காலு போயிடும். உங்க மேல இருக்கிற அன்பாலதான் மறுக்கிறார். பதிலா வேற எது வேணும்னாலும் கேக்கலாம்."

என் பக்கத்தில் நின்ற அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நக்கல் துளியும் இல்லாமல், "நீ வுழுந்து தொலைஞ்சிருக்கக் கூடாதாடி?" என்றார்.

எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். அன்றும் வந்தது. முன்னால் போய் மைக்கை எடுத்துக்கொண்டேன். ஹெச்.ஆர். சார் மைக்கை வாங்க வந்தார். அவரை மொழிபெயர்க்க விடக் கூடாது என்று, அங்கே கற்றுக்கொண்ட அரைகுறை ஜப்பானிய மொழியில் நானே சொன்னேன்: சாருக்கும் அந்தக் கால் கிடைக்க வேண்டும். ஒரு ஷிப்ட் அவர் ஏழாம் நம்பரில் நிற்கட்டும். அந்த ஷிப்ட் முழுக்க ஏழாம் நம்பர் அக்கா அவர் நாற்காலியில் இருக்கட்டும். எம்.டி. மெய்சிலிர்த்துப் போனார். இவ்வளவு உயர்ந்த வேண்டுகோளை இதுவரை யாரும் வைத்ததில்லை என்றார்.

மறுநாள் ஹெச்.ஆர். சார் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றார். "கனெக்டர் சரி!" என்று முதலில் மேடைப் பேச்சு மாதிரி முழங்கினார். டீ நேரத்துக்குள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். எம்.டி. பெருமையோடு கை கட்டிப் பக்கத்திலேயே நின்றதால் சாய்ந்துகொள்ளவும் வழியில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு "சரி" என்பது முனகலாக வந்தது. எம்.டி. அந்தப் பக்கம் திரும்பிய சமயத்தில் கழிவு டேப் போடும் டிரம்மின் விளிம்பில் பின்பக்கத்தை வைத்தார். பலகை அவரைத் தாண்டிப் போனது, லைன் நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது, மொத்த ஃபேக்டரியும் திரும்பிப் பார்த்தது. நான் ஓடினேன்.

"சார், டிரம் இருந்தா கால் இடறும் சார்," என்றேன். "தூக்கமும் வந்திடும்."

கேபின் கண்ணாடி வழியே அக்கா தெரிந்தார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை நீட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். போன் அடித்தபோது எடுத்து, "சாரு லைன்ல நிக்கிறாரு, இன்னா விஷயம்?" என்று கேட்டதை அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சாயங்காலம் அவர் காலில் ஷூ லேஸ் கட்ட முடிந்தது.

நான் ஜெயித்தேன் என்றுதான் நினைத்தேன். ஹெச்.ஆர். சார் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டு வந்து, எம்.டி.யிடம் பேசினார். தாம் நேரில் நின்று ஆராய்ந்ததில் லைனுக்கு ஸ்டூல் அவசியம் என்று கண்டுபிடித்ததாகச் சொன்னார். கம்பெனி அவரைப் பாராட்டியது. என் படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் ஏறியது. அதே ஆராய்ச்சியில் அவர் இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தார்: கர்ப்பிணிகள் லைனில் வேலை செய்வது ஆபத்து. அக்கா கான்ட்ராக்ட் ஆள். வெள்ளிக்கிழமை வத்தக்குழம்பு சாப்பிட்டு முடித்ததும் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எம்.டி. பிள்ளைக்கென்று ஒரு கம்பளிக் குல்லாய் கொடுத்தார். ஹெச்.ஆர். சார் ஒரு டிபன் டப்பா கொடுத்தார். இருவருமே உண்மையான அன்போடுதான் கொடுத்தார்கள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். அக்காவை மட்டும் திரும்ப எடுக்கவில்லை.

ஸ்டூல் அடுத்த வாரம் வந்தது. நீல மெத்தை, உயரம் கூட்டிக் குறைக்கலாம், கால் வைக்க ஒரு வளையம். அருமையான ஸ்டூல். ஏழாம் நம்பரில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு புதுப் பெண்ணை உட்காரவைத்து நான்தான் வேலை சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் அக்கா போன் செய்தார்.

"ஸ்டூலு வந்துச்சாமே?"

"வந்திருச்சு அக்கா."

"எப்டி கீது?"

நான் அந்தப் பெண் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன். முதுகு நிமிர்ந்து, வளையத்தில் கால் ஊன்றி, ஷிப்ட் முடிந்தபோதும் முகம் வாடாமல் இருந்தாள்.

"ரொம்ப மட்டம் அக்கா," என்றேன். "ஒரு காலு குட்டை. ஆடிக்கிட்டே இருக்கு. உக்காரவே முடியல."